ஏற்றி அனுப்பும் ஊர்

1871 ஜனவரி 27 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கென்டக்கி உறுப்பினர் ஜேம்ஸ் பிராக்டர் நாட் பேச எழுந்தார். ரயில் பாதை போட அரசு நிலத்தைத் தானமாகக் கொடுப்பது பற்றிய விவாதம் அது. மனிதருக்கு அதில் உடன்பாடில்லை. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் அவரை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவரோ மினசோட்டா மாநிலத்தின் டுலூத் என்ற ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டு வஞ்சப்புகழ்ச்சியில் இறங்கிவிட்டார். அண்டத்தின் நட்டநடு மையமே டுலூத்தான், வானம் அந்த ஊரைச் சுற்றித்தான் எல்லாப் பக்கமும் சமதூரத்தில் இறங்குகிறது என்கிற தோரணையில் அவர் அளந்துகொண்டே போக, சபை விழுந்து விழுந்து சிரித்தது. பத்திரிகைகள் பேச்சை அச்சிட்டன. பனிக்காட்டில் கிடந்த ஒரு குக்கிராமம் ஒரே நாளில் நாடறிந்த கேலிப்பொருளானது.

இதில் வேடிக்கை, அந்த மசோதா டுலூத்துக்கானதே அல்ல. போட்டி ஊர்களுக்குப் போகும் வேறொரு பாதைக்கானது. அது வேண்டாம் என்றுதான் டுலூத்காரர்களும் நினைத்தார்கள். நாட் பிற்காலத்தில் கென்டக்கியின் ஆளுநரானார். டுலூத்துக்குப் பக்கத்தில் குன்றின் மேல் உருவான ரயில்வே ஊர் ஒன்றுக்கு 1890-களில் பிராக்டர்நாட் என்றே பெயர் வைத்தார்கள். இன்று அது வெறும் பிராக்டர். இரும்புத் தாது ஏற்றிய ரயில்கள் துறைமுகத்துக்கு இறங்குவதற்கு முன் வந்து நிற்கும் பெரிய யார்டு அங்கேதான் இருக்கிறது. கேலி செய்தவரைப் பழிவாங்க இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை.

நான் மினியாபொலிஸ்வாசி. அங்கிருந்து வடக்கே சுமார் 150 மைல், நெடுஞ்சாலை 35 முடிகிற இடம்தான் டுலூத். தட்டையான காட்டு வழி. வண்டி ஓட்டத் தூக்கம் வரும். கடைசியில் தாம்சன் குன்றின் மேல் ஒரு வளைவு. திரும்பியதும் கீழே மொத்தமும் விரிகிறது: சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனை, நகரம் தொற்றிக்கொண்டிருக்கும் செங்குத்துச் சரிவு, துறைமுகத்தையும் ஏரியையும் பிரித்தபடி மைல்கணக்கில் நீளும் மணல்திட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகரம். இரண்டு மாநிலம், இரண்டு நகரம், ஆனால் துறைமுகம் ஒன்றுதான். அட்லாண்டிக் கடலிலிருந்து 2,300 மைலுக்கு மேல் உள்ளே தள்ளியிருந்தும் கடல் கப்பல் வந்து போகிறது. ஏரி என்றால் நம் மனத்தில் எழும் சித்திரத்தை இங்கே மறந்துவிட வேண்டும். இதன் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 406 மீட்டர்.

இந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஏரியின் அழகு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இங்கே என்ன விளைந்தாலும், எதைத் தோண்டினாலும், கப்பலில் ஏறி வேறெங்கோ போய்விடுகிறது. அதன் விலையையும் வேறெங்கோ இருப்பவர்கள்தான் வைக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டாக இதே கதை, ஆள்கள்தான் மாறுகிறார்கள்.

முதல் ஆள் ஜே குக். உள்நாட்டுப் போரின்போது அரசுக் கடன்பத்திரங்களை விற்றுப் பெயரெடுத்த ஃபிலடெல்ஃபியா வங்கியாளர். சுப்பீரியர் ஏரியையும் மிசிசிப்பி ஆற்றையும் இணைக்கும் ரயில் பாதைக்கு அவர் பணம் போட்டார். 1870-இல் பாதை டுலூத்துக்கு வந்தது. வீடு, ஹோட்டல், தானியக் கிடங்கு என்று எல்லாம் முளைத்தன. 1873-இல் குக்கின் வங்கி திவாலானது. அமெரிக்கா முழுவதையும் உலுக்கிய நிதி நெருக்கடி அங்கே தொடங்கியது; டுலூத்தோ ஏறக்குறைய நின்றேவிட்டது. ஆள்கள் மூட்டை கட்டினார்கள். கடனைச் சமாளிக்க முடியாமல் 1877-இல் நகரம் என்ற தகுதியையே ஊர் இழந்தது. பத்தாண்டு கழித்து, 1887-இல்தான் திரும்பப் பெற்றது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கதவு சாத்தப்பட்டதற்கு, அந்தக் கதவை நேரில் பார்த்தே இராத ஊர் கொடுத்த விலை அது.

அந்தக் குறுகிய பணக்காலத்தில் டுலூத் ஒரு காரியத்தைச் செய்து முடித்திருந்தது. துறைமுகத்துக்கு இயற்கையான வாய் சுப்பீரியர் பக்கம் இருந்தது. அதை நம்பினால் காலமெல்லாம் பக்கத்து ஊரின் தயவில் பிழைக்க வேண்டும். எனவே தங்கள் பக்கத்து மணல்திட்டையே வெட்டி 1870-71-இல் கால்வாய் தோண்டினார்கள். தடை உத்தரவு வருகிறது என்று தெரிந்ததும் ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இரவு பகலாக வெட்டியதாக ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. தோண்டியது நீராவித் தூர்வாரும் இயந்திரம். தடை உத்தரவு கையில் கிடைப்பதற்குள் கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. மண்வெட்டிக் கதை உண்மையாக இருக்கக்கூடாதா என்று ஊர்க்காரர்கள் ஏங்குவது எனக்குப் புரிகிறது. தன் கையால் எதையாவது தீர்மானித்தோம் என்று சொல்லிக்கொள்ள இந்த ஊருக்கு அதிகம் வாய்ப்பு இருந்ததில்லை.

இந்த ரயிலுக்கும் கால்வாய்க்கும் முன்பே இது ஓஜிப்வே மக்களின் நிலம். கிழக்குக் கடற்கரையிலிருந்து கிளம்பித் தண்ணீரில் விளையும் உணவு இருக்கும் இடம்வரை நடக்கச் சொன்னது அவர்களுடைய வாய்மொழி மரபு. அந்த உணவு மனோமின். ஆற்றோரச் சேற்றில் தானாக வளரும் காட்டரிசி. செயின்ட் லூயிஸ் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஸ்பிரிட் தீவு அந்தப் பயணத்தின் தங்கல்களில் ஒன்று. 1854-இல் லா பாயிண்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஏரியின் வடகரை நிலம் அரசுக்குப் போனது. வேட்டையாடவும் மீன்பிடிக்கவுமான உரிமையை ஓஜிப்வேக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் வந்த மரம் அறுக்கும் ஆலைகளும் தொழிற்சாலைக் கழிவும் அந்தக் காட்டரிசிப் படுகைகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. இப்போது அதே கழிமுகத்தில் விதை தூவி மீட்கப் பார்க்கிறார்கள். ஆசையோடு தூவியதைக் கனடா வாத்துகள் வந்து தின்றுவிடுகின்றன என்பது அங்கே நிரந்தரப் புலம்பல்.

இனி கால்வாய்க் கரைக்கு வருவோம். இரு பக்கமும் சிமென்ட் சுவர் எழுப்பிய 300 அடி அகல வழி. அதன் மேல் தூக்குப் பாலம். 1905-இல் கட்டியபோது இது வேறு மாதிரி இருந்தது: உயரத்தில் இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் ஒரு பெரிய தொட்டில், மனிதர்களையும் குதிரை வண்டிகளையும் அதில் ஏற்றி அக்கரையில் இறக்குவார்கள். பிரான்சின் ரூவான் நகரப் பாலத்தைப் பார்த்துச் செய்தது. கார்கள் பெருகியதும் தொட்டில் போதவில்லை. 1929-30-இல் பழைய சட்டத்தை உயர்த்தி, அடியில் சாலையையே மேலே தூக்கும்படி மாற்றினார்கள். புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டுலூத்தில் அதைச் செய்யத் தொடங்கி ஒரு நூற்றாண்டாகப் போகிறது.

கப்பல் வருவதைக் கண் முதலில் நம்புவதில்லை. அடிவானத்தில் ஒரு கோடு. பத்து நிமிடம் கழித்தும் அதே கோடு. பிறகு திடீரென்று அது பக்கத்தில் நிற்கிறது. ஆயிரம் அடி நீளம், 105 அடி அகலம். இந்த அளவில் ஐம்பேரேரிகளில் மொத்தம் 13 கப்பல்கள் கட்டியிருக்கிறார்கள். மிக நீளமானது பால் ஆர். ட்ரெகுர்த்தா, 1,013.5 அடி. பாலத்தின் மணி அடிக்கிறது, தடுப்பு இறங்குகிறது, சாலை மேலே போகிறது. கப்பல் சங்கு ஊதுகிறது: ஒரு நெடில், இரண்டு குறில். பாலமும் அதே தாளத்தில் திருப்பி ஊதுகிறது. காதில் கேட்பதைவிட நெஞ்செலும்பில்தான் அது அதிகம் அதிர்கிறது. கப்பலின் பக்கச்சுவர் நம்மைக் கடக்கிறது, கடக்கிறது, கடந்துகொண்டே இருக்கிறது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும், தொட முடியாது. பெயின்ட் உரிந்த இடம், நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துக் கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டு வாயில்களில் உரசிய தழும்பு, நீர்மட்ட எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போகின்றன. மேல்தளத்தில் தலைக்கவசம் அணிந்த ஒருவர் கையசைக்கிறார். கரையில் நிற்கும் அத்தனை பேரும், என்னைப் போல வெட்கப்படுகிறவர்களும்கூட, கையை ஆட்டுகிறோம். மணல்திட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை. ஊருக்குள் வர இந்தப் பாலத்தை விட்டால் வழி கிடையாது. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனால் ‘பாலம் தூக்கிவிட்டார்கள்’ என்பார்கள். எந்த மேலாளரும் மறுத்துப் பேச முடியாது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா ஒரு கோடையில் வந்திருந்தார். எல்லோரும் கப்பலைப் படமெடுத்துக்கொண்டிருக்க, அவர் கண் நீர்மட்ட எண்களிலேயே இருந்தது.

“மாப்பிள்ளை, உள்ளே வருகிற கப்பல் மிதந்து வருகிறது, வெளியே போகிறது அமிழ்ந்து போகிறது. இங்கே ஏற்றுவதைத்தான் பார்க்கிறேன். இறக்குவது எங்கே?”

“இறக்கவும் செய்கிறார்கள் மாமா. சுண்ணாம்புக்கல், சிமென்ட், உப்பு, காற்றாலை இறக்கைகள் வருகின்றன.”

“உப்பா? குழம்புக்கா?”

சாலைப் பனியை உருக்க என்றேன். நம்பாமல் பார்த்தார். ஆனால் அவர் கணக்குச் சரி. ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் கையாளும் இந்தத் துறைமுகத்தில் பெரும்பகுதி வெளியே போகிற சரக்கு; அதிலும் பாதிக்கு மேல் இரும்புத் தாது.

அந்த இரும்பைக் கண்டுபிடித்தவர்கள் டுலூத்காரர்கள்தான். மெரிட் குடும்பம்: சகோதரர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகக் காடு அளப்பதும் மரம் மதிப்பிடுவதும் தொழில். ஊருக்கு வடக்கே மெசாபி மேட்டில் திசைகாட்டி முள் குழம்புவதைப் பார்த்துவிட்டு, அங்கே இரும்பு இருக்கிறது என்று பல ஆண்டுகள் அலைந்தார்கள். 1890 நவம்பரில் மவுன்டன் அயர்ன் என்ற இடத்தில் அகப்பட்டது. பாறையை உடைத்து எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார்கள்; கிடைத்தது மண்போல மிருதுவான சிவப்புத் தாது. சுரங்கம் இறக்கத் தேவையில்லை, நீராவி மண்வாரியால் அள்ளிப் பெட்டியில் போட்டால் போதும். வல்லுநர்கள் சிரித்தார்கள், இப்படியொரு தூளை உலையில் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். 1892-இல் முதல் தாது ரயிலில் இறங்கி சுப்பீரியர் பக்கத்துத் தோணித்துறையிலிருந்து கிளம்பியது. மறுவருடம் டுலூத்தில் சொந்தத் தாதுத்துறையும் வந்துவிட்டது.

ஆனால் ரயிலும் துறையும் கடனில் கட்டியவை. 1893-இல் மறுபடியும் ஒரு நிதி நெருக்கடி. மெரிட்கள் ஜான் டி. ராக்ஃபெல்லரிடம் போனார்கள். ஓராண்டுக்குள் பாதையும் சுரங்கமும் அவர் கைக்குப் போய்விட்டன. வழக்கு நடந்தது, கீழ்நீதிமன்றம் மெரிட்கள் பக்கம் தீர்ப்பளித்தது, மேல்நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடைசியில் 5,25,000 டாலருக்குச் சமரசம். மோசடி எதுவும் நடக்கவில்லை என்று மெரிட்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொடுத்தார்கள். 1901-இல் யு.எஸ். ஸ்டீல் உருவானபோது மெசாபியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியது. கண்டுபிடித்தவர்களுக்கு அந்த மேட்டில் மிஞ்சியது பெயர் மட்டும்.

தாதுத்துறை எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். மேற்கு டுலூத்தில் உள்ள 6-ஆம் எண் துறை 2,304 அடி நீளத்துக்குத் தண்ணீருக்குள் நீண்டிருக்கிறது. எட்டு மாடி உயரத்தில் தண்டவாளம். ரயில் மேலே வந்து நின்று பெட்டிகளின் அடிப்பக்கத்தைத் திறக்கும். தாது கீழே வரிசையாக இருக்கும் 300-க்கும் மேற்பட்ட தொட்டிகளில் விழும். கப்பல் பக்கத்தில் வந்து கட்டியதும் தொட்டிகளிலிருந்து சரிவாய்கள் இறங்கிக் கப்பலின் வயிற்றுக்குள் தாதுவைக் கொட்டும். பம்பு இல்லை, கிரேன் இல்லை. மேலே இருப்பது கீழே விழும், அவ்வளவுதான். தொட்டிகளுக்கு இடையே 12 அடி. அதனால்தான் ஏரிக்கப்பல்களின் மூடிகளை 12-இன் மடங்காக, 24 அடிக்கு ஒன்றாக வைத்தார்கள். ஒரு துறையின் அளவு ஒரு முழுக் கப்பற்படையின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. பிற்காலத்தில் வந்த ஆயிரமடிக் கப்பல்களுக்கென்று கன்வேயர் பட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் ஈரத்தாது பெட்டிக்குள்ளேயே கல்லாக உறைந்துபோகும். நீராவி பாய்ச்சி, கம்பியால் குத்தி இறக்குவார்கள். அந்த வேலை பார்த்தவர்களின் உடுப்பும் தலைமுடியும் சிவந்தேயிருக்கும்; துவைத்தாலும் போகாது.

ஊர்க்காரர்களின் மூளைக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்து டுலூத்தில் நிலைத்த கப்பல் தலைவர் அலெக்சாண்டர் மக்டூகல், அலை மேலே ஏறி வழிந்து போகும்படி முதுகு உருண்ட கப்பலை வடிவமைத்தார். முதலாவது 1888-இல் டுலூத்தில் நீரில் இறங்கியது. சுருட்டு மாதிரி உடம்பு, பன்றி மாதிரி மூக்கு; மாலுமிகள் பன்றிப்படகு என்றே கூப்பிட்டார்கள். நாற்பதுக்கும் மேல் கட்டினார்கள். தாது அள்ளும் இயந்திரங்கள் பெரிதாகப் பெரிதாக, இவற்றின் சின்ன மூடிகள் தோதுப்படாமல் போய்விட்டன. மிச்சமிருக்கும் ஒன்றே ஒன்று, 1896-இல் இறக்கிய மீட்டியோர், சுப்பீரியரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே போனால் குனிந்தே நடக்க வேண்டும்.

நவம்பர் மாதத்தை இங்கே யாரும் அழகாக வர்ணிப்பதில்லை. 1905 நவம்பர் 28 அன்று மட்டாஃபா என்ற தாதுக் கப்பல் புயலுக்கு அஞ்சித் திரும்பிக் கால்வாய்க்குள் நுழையப் பார்த்தது. அலை தூக்கிச் சிமென்ட் சுவரில் அறைந்தது. கப்பல் சுழன்று கரைக்கு மிக அருகில் தரை தட்டி இரண்டாக முறிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கரையில் கூடிவிட்டார்கள். உயிர்காப்புப் படகை இறக்க முடியவில்லை. கயிறு எறிந்தார்கள், அது அறுந்தது. இரவெல்லாம் கரையில் தீ மூட்டிக்கொண்டு, கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று நின்றார்கள். காலையில் முன்பாதியில் இருந்த 15 பேரை மீட்டார்கள். பின்பாதியில் இருந்த 9 பேர் உறைந்து இறந்திருந்தார்கள். அந்தப் புயலுக்குப் பிறகு கப்பல் முதலாளிகள் கொடுத்த நெருக்குதலில்தான் வடகரையில் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம் எழுந்தது, 1910-இல் ஏற்றினார்கள். எழுபதாண்டு கழித்து, 1975 நவம்பர் 9 அன்று, 26,000 டன் தாது உருண்டைகளோடு சுப்பீரியரிலிருந்து கிளம்பிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு மறுநாள் மாலை ஏரியின் மறுகோடியில் மூழ்கியது. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏரியின் மேல் பழி போட முடியாத ஒரு சாவும் இந்த ஊரில் நடந்தது. 1920 ஜூன் 15. சர்க்கஸ் கம்பெனியோடு ஊருக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் தன்னைப் பலாத்காரம் செய்ததாக ஒரு வெள்ளைப் பெண் புகார் சொன்னதாகச் செய்தி பரவியது. அவரைப் பரிசோதித்த மருத்துவர் அதற்கு உடற்சான்று எதையும் காணவில்லை. இருந்தும் பல ஆயிரம் பேர் திரண்டு காவல் நிலையத்தை உடைத்தார்கள். துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று காவலர்களுக்கு மேலிட உத்தரவு. இலையஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மகீ என்ற மூன்று இளைஞர்களை விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள். பக்கத்தில் நின்று படமெடுத்து, அதை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கலவரம் செய்த குற்றத்துக்கு மூன்று பேர், அதுவும் ஒன்றரை ஆண்டுகூட இல்லை. அடுத்த ஆண்டு மினசோட்டா கும்பல் கொலைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அதற்குப் போராடியவர் நெல்லி பிரான்சிஸ் என்ற கறுப்பினப் பெண். பிறகு ஊர் வாயை மூடிக்கொண்டது. பள்ளியில் கற்பிக்கவில்லை, வீட்டில் பேசவில்லை. 2003-இல்தான் அதே தெருமுனைக்கு எதிரே மூவரின் உருவங்களோடு நினைவுச்சுவர் எழுந்தது. வெளியாட்கள் செய்த அநியாயங்களின் பட்டியலாக டுலூத்தின் வரலாற்றை எழுதிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் நான் அந்தத் தெருமுனையை நினைத்துக்கொள்வேன். அங்கே கூடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

தாது வெளியே போகிறது, எஃகை இங்கேயே உருக்கினால் என்ன என்ற கேள்வி எழாமலில்லை. தாதுவுக்கு வரி போடுவோம் என்று மாநிலம் மிரட்டியதன் பேரில் யு.எஸ். ஸ்டீல் டுலூத்தில் ஓர் ஆலை கட்டியது. 1915 இறுதியில் உற்பத்தி தொடங்கியது. தொழிலாளர்களுக்காக மோர்கன் பார்க் என்று சிமென்ட் கல் வீடுகளாலான ஒரு குடியிருப்பு. வீடு, பள்ளி, மருத்துவமனை, மைதானம் எல்லாமே கம்பெனியுடையது. ஆனால் எஃகு விலையை ‘பிட்ஸ்பர்க் பிளஸ்’ என்ற முறையில் வைத்தார்கள். எந்த ஊர் ஆலையில் உருக்கினாலும் பிட்ஸ்பர்க் விலையோடு அங்கிருந்து ரயிலில் வந்ததாகப் பாவித்து ஒரு கட்டணத்தையும் சேர்ப்பார்கள். அதாவது, டுலூத் ஆலையின் வாசலில் நின்று எஃகு வாங்குகிறவரும் வராத ரயிலுக்கு வாடகை கொடுக்க வேண்டும். இங்கே ஓர் இயந்திரத் தொழில் வளர்ந்திருந்தால்தான் ஆச்சரியம். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1924-இல் அந்த முறையை நிறுத்த உத்தரவிட்டது. ஆலை என்னவோ ஒருநாளும் தலையெடுக்கவில்லை. 1970-களில் படிப்படியாக மூடினார்கள். மண்ணிலும் ஆற்றுப் படுகையிலும் விட்டுப்போன கழிவை வழிக்கும் வேலை சமீப ஆண்டுகள்வரை நீண்டது. மோர்கன் பார்க் வீடுகள் மட்டும் கல்லுக்குண்டாக நிற்கின்றன.

இரண்டாம் உலகப்போர் நல்ல தாதுவைத் தின்று தீர்த்தது. மிஞ்சியது டேக்கனைட், இரும்பு குறைந்த கடும்பாறை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈ. டபிள்யூ. டேவிஸ் பல ஆண்டு முயன்று அதற்கு வழி கண்டார்: பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பை மட்டும் இழுத்து, களிமண் சேர்த்து உருட்டிச் சுடுவது. கோலிக்குண்டு அளவில் சாம்பல் கலந்த பழுப்பு உருண்டை. தண்டவாளத்தோரம் எங்கும் சிதறிக் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் அந்த அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம். விரலில் செம்பொடி ஒட்டும்.

அரைத்தபின் மிஞ்சும் மாவை எங்கே கொட்டுவது? டுலூத்துக்கு வடகிழக்கே சில்வர் பேயில் ரிசர்வ் மைனிங் கம்பெனி அதை ஏரியில் கொட்டியது. நாளொன்றுக்கு 67,000 டன். 1973-இல் டுலூத் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற இழைகள் இருப்பதாகச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. ஏரித்தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்ட ஊர் அது. அவ்வளவு சுத்தம் என்று பெருமைப்பட்டவர்கள். ஒரே நாளில் அந்தப் பெருமை போயிற்று. 1974 ஏப்ரலில் நீதிபதி மைல்ஸ் லார்ட் ஆலையை மூட உத்தரவிட்டார்; இரண்டே நாளில் மேல்நீதிமன்றம் திறந்துவிட்டது. கொட்டுவது கடைசியில் 1980-இல்தான் நின்றது. இடைப்பட்ட காலத்தில் ஊர் தனக்கொரு வடிகட்டும் நிலையத்தைக் கட்டிக்கொண்டது. இதில் வில்லனும் நாயகனும் யார் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சில்வர் பேயில் அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு. டுலூத்தில் அது குழந்தையின் பால் புட்டியில் கலக்கும் தண்ணீர்.

1960-இல் 1,06,884 பேர் இருந்த நகரம் அதன்பின் தேய ஆரம்பித்தது. எஃகாலை, சிமென்ட் ஆலை என்று ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. ஜீனோ பாலூச்சியின் கதையையும் இந்த வரிசையில் வைக்கலாம். இத்தாலியக் குடியேறிகளின் மகன்; டுலூத்தில் உட்கார்ந்துகொண்டு சீன உணவை டப்பாவில் அடைத்துச் சுன் கிங் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்றார். 1966-இல் அதை 6.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் பிட்சாவைச் சுருட்டி விற்கத் தொடங்கினார். 1980-களில் அந்த உற்பத்தியும் ஒஹையோவுக்குப் போனது. ஊரில் பிறந்த யோசனைக்கும் இதே விதிதான்.

அந்த மோசமான ஆண்டுகளில்தான் ஊரின் முகம் மாறியதும். நெடுஞ்சாலை 35-ஐ ஏரிக்கரையோடு நீட்டுவதாகத் திட்டம். அப்படியே விட்டிருந்தால் நகருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சிமென்ட் சுவர் நின்றிருக்கும். மக்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டுச் சாலையைச் சுரங்கங்களுக்குள் தள்ளினார்கள். அதன் மேல் இன்று ரோஜாத் தோட்டம் இருக்கிறது. தோண்டிய பாறையை ஏரியோரம் கொட்டி நடைபாதை போட்டார்கள். பழைய இரும்புக் கடைகளும் கிடங்குகளுமாக இருந்த கால்வாய்ப் பகுதி ஹோட்டலும் உணவகமுமாக மாறியது. மண்வெட்டிக் கதையைவிட இது எனக்குப் பிடிக்கும். இங்கே ஊர் நிஜமாகவே தடுத்து நிறுத்தி, திருத்தி எழுத வைத்தது.

ஐம்பேரேரிகளை அட்லாண்டிக்கோடு இணைக்கும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959-இல் திறந்தபோதும் ஒரு வாக்குறுதி வந்தது: இனி டுலூத் உலகத் துறைமுகம். அந்த மே 3 அன்று ரமோன் டி லாரினாகா என்ற பிரிட்டிஷ் கப்பல் முதலில் வந்து சேர, ஊரே கால்வாயில் கூடியது. வாக்குறுதி பாதிதான் பலித்தது. பூட்டுகளின் அளவு 740 அடிக்கு மேற்பட்ட கப்பலை விடுவதில்லை. கன்டெய்னர் யுகம் அந்த வழியாக வரவில்லை. ஆனாலும் கோதுமை போகிறது. டகோட்டா சமவெளிகளில் விளைந்த டியூரம் இங்கே ஏறி இத்தாலிக்கும் அல்ஜீரியாவுக்கும் சென்று பாஸ்தாவாகவும் கூஸ்கூஸாகவும் ஆகிறது. பதிலுக்குக் கடல் கப்பல்கள், சரக்கில்லாதபோது நிலை தடுமாறாதிருக்க வயிற்றில் நிரப்பிவரும் நிலைநீரில் சில விருந்தாளிகளைக் கொண்டுவந்து விட்டன. ரஃப் என்ற முள்மீன் 1986-இல் செயின்ட் லூயிஸ் ஆற்றில் முதலில் அகப்பட்டது; தின்னவும் உதவாது, தொலையவும் தொலையாது. இறக்குமதி எங்கே என்று கேட்ட மாமாவுக்கு இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு வாக்குறுதி உலவுகிறது. 2019-இல் ஜெஸ்ஸி கீனன் என்ற ஆய்வாளர், பருவநிலை மாற்றத்துக்குத் தப்பி வருகிறவர்களுக்கு டுலூத் ஏற்ற புகலிடம் என்று எடுத்துரைத்தார். ‘பருவநிலை தாக்காத டுலூத்’ என்கிற மாதிரி விளம்பர வாசகங்களையும் பாதி விளையாட்டாக எழுதிக் காட்டினார். பத்திரிகைகள் விளையாட்டை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. குடிநீர் ஏராளம், கோடையில் ஏரிக்காற்று, காலியிடமும் உண்டு, தர்க்கம் சரிதான். ஆனால் 2012 ஜூனில் ஒரே நாளில் பத்து அங்குலம் அளவுக்குக் கொட்டிய மழையில் சரிவில் ஓடும் ஓடைகளெல்லாம் சாலைகளைப் பிய்த்துக்கொண்டு இறங்கியதை ஊர் மறக்கவில்லை. உயிரியல் பூங்காவில் பல விலங்குகள் மூழ்கின. ஃபைஸ்டி என்ற கடல்நாய் நீந்தித் தப்பி நள்ளிரவில் கிராண்ட் அவென்யூவின் நடுவில் கிடந்தது. 2018 அக்டோபர் புயலில் அந்த ஏரியோர நடைபாதையே பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து பணத்தோடு வருகிறவர்கள் வீட்டு விலையை ஏற்றிவிடுவார்களே என்று உள்ளூர்க்காரர்கள் முனகுவதைக் கேட்டிருக்கிறேன். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 86,697. கூட்டம் இன்னும் வந்தபாடில்லை.

போவதானால் ஜூலையில் போகாதீர்கள், நடக்க இடமிருக்காது. கால்வாய்க் கரையில் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எந்தக் கப்பல் எப்போது வரும், என்ன ஏற்றப் போகிறது என்ற விவரம் அங்கே கிடைக்கும். குளிர் தாங்குமென்றால் மார்ச் 25-ஐ ஒட்டிப் போகலாம். சுப்பீரியர் ஏரியிலிருந்து மற்ற ஏரிகளுக்குப் போகும் வழியில் இருக்கும், ஜனவரி நடுவில் மூடிய சூ பூட்டுகள் அன்று திறக்கும். துறைமுகத்தில் குளிர்காலத்தைக் கழித்த கப்பல்கள் பனியை உடைத்துக்கொண்டு கிளம்பும். கடல் கப்பல் வர மேலும் சில வாரம் ஆகும். அது எந்த நாளில் எத்தனை மணிக்குப் பாலத்துக்கு அடியில் நுழையும் என்று ஊகித்துச் சொல்ல ஒரு போட்டி வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அந்தக் கப்பலின் தலைவருக்கு உள்ளூரில் பரிசு கொடுத்து வரவேற்கிறார்கள்; அவர் புன்னகையோடு வாங்கிக்கொண்டு, கோதுமை ஏற்றப் போய்விடுகிறார்.